பழைய டயர், பருத்தி டி-ஷர்ட், தேங்காய் தொட்டி... குப்பையில் இருந்து வளையும் மின் சேமிப்பான் வருவது எப்படி?

போகி நெருங்கினாலே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இருந்து ஒரு வேண்டுகோள் வரும். டயர், டியூப், பிளாஸ்டிக்கை எரிக்காதீர்கள் என்று. ஆனாலும் விடியற்காலையில் ஏதோ ஒரு தெருமுனையில் கறுப்புப் புகை எழும்பத்தான் செய்யும். போகிப் புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமான வருஷங்களும் உண்டு.

அந்தப் புகைக்கு கறுப்பு நிறம் கொடுப்பது கார்பன். எரிந்து நம் நுரையீரலுக்குள் போகிற அதே கார்பனைப் பிடித்து நிறுத்தி, மின்சாரத்தைச் சேமிக்கும் பொருளாக மாற்ற முடியும். அதுவும் கெட்டியான கட்டியாக இல்லை, காகிதம் மாதிரி வளைகிற தாளாக! அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகமும் டிரெக்ஸல் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2015-ல் இதைச் செய்து காட்டின.

குப்பையில் இருந்து பேட்டரி என்ற தலைப்பில் வாரம் ஒரு செய்தியாவது செல்போனில் வந்து விழுகிறது. வாழைப்பழத் தோல், பிளாஸ்டிக் பாட்டில், மாஸ்க் என்று பொருள் மட்டும் மாறும். அதில் எது உண்மையான முன்னேற்றம், எது ஆய்வகத்தோடு நின்றுவிடும் விஷயம் என்று பிரித்துப் பார்க்க டயர் கதை ஒரு நல்ல உதாரணம்.

டயரை உருக்கி மறுபடியும் டயராக்க முடியாதா?

முடியாது. அங்கேதான் பிரச்னையே ஆரம்பம்.

பிளாஸ்டிக் குடத்தை உருக்கி இன்னொரு குடம் செய்யலாம். இரும்பை எத்தனை முறை வேண்டுமானாலும் உருக்கலாம். ரப்பர் அப்படி இல்லை. 1839-ல் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர், ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்து சூடாக்கினால் அது வெயிலில் ஒட்டாது, குளிரில் உடையாது என்று கண்டுபிடித்தார். ரப்பரின் நீள நீளமான மூலக்கூறு இழைகளை கந்தகம் குறுக்கே தைத்துவிடுகிறது. இந்த வல்கனைசிங் இல்லையென்றால் இன்றைக்கு ரோட்டில் வண்டியே ஓடாது. ஆனால் தைத்த தையலை அவ்வளவு எளிதாகப் பிரிக்க முடியாது. சூடாக்கினால் டயர் உருகாது, கருகும்.

அதனால் பழைய டயர்கள் குவிகின்றன. உலகம் முழுக்க ஆண்டுக்கு சுமார் 150 கோடி டயர்கள் தயாராகின்றன என்று ஓக் ரிட்ஜ் ஆய்வகம் அப்போது குறிப்பிட்டிருந்தது. அத்தனையும் ஒருநாள் தேய்ந்து வெளியே வரும். குவித்து வைத்தால் என்ன ஆகும்? கனடாவின் ஹேகர்ஸ்வில் என்ற ஊரில் 1990-ல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட டயர்கள் இருந்த குவியலில் தீப்பிடித்தது. அதை அணைக்க 17 நாள் ஆனது. தீப்பிடிக்காவிட்டாலும் நிம்மதி இல்லை. மழைத் தண்ணீர் தேங்கிய டயர் டெங்கு கொசுவுக்கு எவ்வளவு பிடித்த இடம் என்று மாநகராட்சி ஊழியர்கள் வீடு வீடாக வந்து சொல்வது எல்லோருக்கும் தெரியும். ஏடிஸ் வகையில் ஒன்றான ஆசிய டைகர் கொசு அமெரிக்காவுக்குள் 1980-களில் நுழைந்ததே இறக்குமதியான பழைய டயர்களுக்குள் இருந்துதான்.

பேட்டரி, சூப்பர் கெபாசிட்டர்: என்ன வித்தியாசம்?

டயர் கார்பனை எங்கே பயன்படுத்தினார்கள் என்று புரிய, முதலில் இந்த வித்தியாசம் தெரிய வேண்டும். செய்தித் தலைப்புகளில் இரண்டையும் பேட்டரி என்றே எழுதிவிடுகிறார்கள். உண்மையில் இரண்டும் வேறு வேறு சாதனங்கள்.

எந்த மின் சேமிப்பு சாதனத்திலும் இரண்டு மின்முனைகள் இருக்கும். எலெக்ட்ரோடு என்று பள்ளியில் படித்தது இதைத்தான். இரண்டுக்கும் நடுவில் எலெக்ட்ரோலைட் என்ற மின்பகு திரவமும், இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் இருக்க ஒரு மெல்லிய தடுப்பும் இருக்கும். திரவத்தில் இருக்கும் அயனிகள், அதாவது மின்னேற்றம் பெற்ற துகள்கள், மின்முனையை நோக்கி நகரும்.

செல்போனில் இருக்கும் லித்தியம் அயன் பேட்டரியில் இந்த அயனிகள் மின்முனைப் பொருளுக்கு உள்ளே புகுந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு வீட்டுக்குள் விருந்தாளி வந்து, செருப்பைக் கழற்றி, உள் ரூமில் போய் தங்குகிற மாதிரி. நிறைய பேர் தங்கலாம். ஆனால் வரவும் போகவும் நேரம் ஆகும். வந்து வந்து போனால் வீடும் தேயும். போன் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏறியதும் தளர்ந்துபோவதற்கு இதுதான் அடிப்படைக் காரணம்.

சூப்பர் கெபாசிட்டரில் அயனிகள் உள்ளே போகாது. மின்முனையின் மேற்பரப்பில் வந்து ஒட்டி நிற்கும், அவ்வளவுதான். திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டு எழுந்து போகிற மாதிரி. அதனால் சில நொடிகளில் சார்ஜ் ஏறும், இறங்கும். லட்சக்கணக்கான தடவை செய்தாலும் பெரிதாகத் தேயாது. குறை என்னவென்றால், திண்ணையில் எத்தனை பேர் உட்கார முடியும்? கடைகளில் கிடைக்கும் சூப்பர் கெபாசிட்டர் ஒரு கிலோ எடைக்கு 5 முதல் 8 வாட் மணி அளவு ஆற்றலைத்தான் வைத்திருக்கும். லித்தியம் அயன் பேட்டரி 150-க்கும் மேல்.

இந்தச் சாதனம் புதுசும் இல்லை. நுண்துளைக் கார்பனை மின்முனையாக வைத்த கெபாசிட்டருக்கு அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1957-லேயே காப்புரிமை வாங்கிவிட்டது. சூப்பர் கெபாசிட்டர் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் என்இசி நிறுவனம், 1978-ல். ஏர்பஸ் ஏ380 விமானத்தின் கதவுகளை அவசர நேரத்தில் இயக்குவது இதுதான். சீனாவின் ஷாங்காயில் 2006 முதல் ஒரு வழித்தடத்தில் ஓடிய பேருந்துகள், ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஆட்கள் ஏறி இறங்கும் நேரத்துக்குள் மேலே இருக்கும் கம்பியில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பின. தூரம் குறைவு, வேகம் அதிகம். சூப்பர் கெபாசிட்டரின் குணம் முழுக்க அந்தப் பேருந்தில் இருக்கிறது.

திண்ணையை எப்படிப் பெரிதாக்குவது?

திண்ணை பெரிதாக வேண்டும், ஆனால் எடை கூடக் கூடாது. இதற்கு விடை துளைகள்.

ஒரு கார்பன் துகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளைக் கோடிக்கணக்கில் போட்டால், ஒவ்வொரு துளையின் உள்சுவரும் அயனிகள் உட்காரும் மேற்பரப்பாக மாறும். இதுதான் ஆக்டிவேட்டட் கார்பன். வீட்டு வாட்டர் ஃபில்டரில் இருப்பதும் இதே வகைதான்.

டயரில் இருந்து ஓக் ரிட்ஜ் குழு எடுத்த கார்பனில் ஒரு கிராமின் மேற்பரப்பு 1,625 சதுர மீட்டர். நம்ம ஊர் கணக்கில் சொன்னால் சுமார் 40 சென்ட். ஒரு ஸ்பூன் நுனியில் எடுக்கிற கறுப்புத் தூளுக்குள் 40 சென்ட் நிலம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது!

துளைகள் வெறுமனே நிறைய இருந்தால் மட்டும் போதாது. அயனி நுழைய முடியாத அளவுக்குச் சின்னதாக இருந்தால் அந்த இடம் வீண். ரொம்பப் பெரிதாக இருந்தால் மேற்பரப்பு குறையும். டயர் கார்பனில் துளைகளின் அளவு பெரும்பாலும் ஒரே மாதிரியாக அமைந்தது. அந்தக் குழு தங்கள் கட்டுரையில் குறிப்பாகச் சுட்டிக்காட்டியதும் இதைத்தான்.

ஆய்வகத்தில் செய்தது என்ன?

செய்முறை கேட்பதற்கு எளிமையாக இருக்கும். ஆனால் வீட்டில் முயற்சி செய்யும் விஷயம் இல்லை, ஒவ்வொரு படியும் ஆபத்தானது.

ஒழுங்கில்லாத டயர் ரப்பர் துண்டுகளை முதலில் அடர் கந்தக அமிலத்தில் ஊறவைத்தார்கள். இது ஏன் என்று தோன்றலாம். ரப்பரை அப்படியே சூடாக்கினால் அதில் பெரும்பகுதி எண்ணெயாகவும் வாயுவாகவும் பறந்துவிடும். மிஞ்சுவது கொஞ்சம் கரிதான். அமிலத்தில் ஊறிய ரப்பர் தன் கட்டமைப்பை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், அதனால் சூட்டிலும் கார்பன் அதிகமாக மிஞ்சும்.

ஊறிய துண்டுகளைக் கழுவி, குழாய் வடிவ உலையில் வைத்து, நைட்ரஜன் வாயுவை ஓடவிட்டார்கள். ஆக்சிஜன் இருந்தால் எரிந்து சாம்பலாகிவிடும், அதற்காகத்தான் நைட்ரஜன். 400 டிகிரி செல்சியஸில் ஆரம்பித்து படிப்படியாக 1,100 டிகிரி வரை சூடு ஏற்றினார்கள். கிடைத்த கார்பனோடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடைக் கலந்து மறுபடியும் சூடாக்கினார்கள். துளை போடுகிற வேலை இந்தக் காரத்துடையது. அது கார்பனை அங்கங்கே அரித்துத் தின்று பொந்துகளை உண்டாக்கும். பிறகு நன்றாகக் கழுவிக் காயவைத்தார்கள்.

இதுவரை வந்தது ஒரு கறுப்புத் தூள். வளையும் தாளாக அது மாறியது அடுத்த கட்டத்தில்.

பாலிஅனிலின்: பாதி திண்ணை, பாதி வீடு

பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது என்பது பொது அறிவு. ஆனால் கடத்துகிற சில வகைகளும் உண்டு. அதைக் கண்டுபிடித்து வளர்த்ததற்காக ஆலன் ஹீகர், ஆலன் மெக்டியார்மிட், ஹிடெகி ஷிராகாவா மூவருக்கும் 2000-ம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் குடும்பத்தில் ஒன்றுதான் பாலிஅனிலின்.

இதன் மேற்பரப்பில் அயனிகள் வந்து உட்காருவதோடு ஒரு வேகமான வேதிவினையும் நடக்கும். திண்ணையும் வேண்டும், உள்ளேயும் கொஞ்சம் இடம் வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்பட்டு வரும். வெறும் கார்பனைவிட அதிக மின்சாரத்தைப் பிடித்து வைக்கும்.

ஆனால் இதில் ஒரு தலைவலி உண்டு. அயனி நுழையும்போது பாலிஅனிலின் உப்பும், வெளியேறும்போது சுருங்கும். ஆயிரம் தடவை உப்பிச் சுருங்கினால் எந்தப் பொருளும் விரிசல் விடத்தானே செய்யும்? பாலிஅனிலினைத் தனியாக மின்முனையாக வைத்தால் சீக்கிரம் சக்தி இழப்பது இதனால்தான்.

டயர் கார்பன் இங்கேதான் கைகொடுத்தது. அந்த நுண்துளைகளுக்கு உள்ளேயே பாலிஅனிலினை வளர்த்தார்கள். துளையின் சுவரோடு ஒட்டி, இறுக்கமான இடத்தில் அடைபட்டுப் போனதால் அது இஷ்டத்துக்கு உப்பவோ உதிரவோ முடியவில்லை. 10,000 முறை சார்ஜ் ஏற்றி இறக்கிய பிறகும் ஆரம்பத்தில் இருந்த திறனில் 98 சதவீதம் வரை அப்படியே இருந்தது. தினம் ஒரு முறை சார்ஜ் போடுவதாக வைத்துக்கொண்டால் 27 வருஷக் கணக்கு. போன் வாங்கி ரெண்டு வருஷத்தில் சார்ஜ் நிற்கவில்லை என்று புலம்புகிறவர்களுக்கு இந்த எண்ணின் அருமை தெரியும்.

இந்தக் குழுவில் இருந்த முக்கிய விஞ்ஞானிகளில் ஒருவர் பரன்ஸ் பரந்தாமன். ஐஐடி மெட்ராஸில் முனைவர் பட்டம் பெற்றவர். ஓக் ரிட்ஜில் அமித் நாஸ்கருடன் சேர்ந்து 2014-லேயே டயர் கார்பனை லித்தியம் அயன் பேட்டரியின் மின்முனையாகவும் பயன்படுத்திக் காட்டியிருந்தார். அணுகுண்டுக்கு யுரேனியம் செறிவூட்ட இரண்டாம் உலகப் போர் காலத்தில் ரகசியமாக உருவாக்கப்பட்ட ஊர் ஓக் ரிட்ஜ். அங்கே இன்றைக்கு டயரை வறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வளையறதுல என்ன பெரிய விஷயம்?

வழக்கமான மின்முனை எப்படி இருக்கும் தெரியுமா? கறுப்புத் தூளைப் பசை மாதிரி ஒரு பொருளோடு குழைத்து, மெல்லிய அலுமினிய அல்லது செம்புத் தகட்டில் பூசிக் காயவைப்பார்கள். சுவரில் அடித்த சுண்ணாம்பு மாதிரிதான். சும்மா இருக்கும் வரை ஒட்டியிருக்கும். வளைத்தால் வெடிக்கும், பொருக்கு பொருக்காக உதிரும். உதிர்ந்த இடத்தில் மின்சாரம் பாயாது.

கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் பட்டை, மார்பில் ஒட்டி இதயத் துடிப்பைப் பார்க்கும் பட்டி, சட்டைக்குள் தைக்கும் சென்சார் எல்லாம் உடம்போடு சேர்ந்து வளைய வேண்டியவை. சிப்பு வளைகிறது, திரை வளைகிறது. வளையாமல் அடம் பிடிப்பது மின்சாரம் கொடுக்கும் பாகம்தான். கார்பனும் பாலிமரும் ஒன்றோடொன்று பின்னிய தாளில் வெடித்து உதிர்வதற்குத் தனிப் பூச்சு இல்லை. தாள் முழுக்கவே மின்முனை.

ஆனால் மின்முனை மட்டும் வளைந்தால் சாதனம் வளைந்துவிடாது. நடுவில் இருக்கும் அமிலத் திரவம் கசியக் கூடாது. அதற்காக பாலிவினைல் ஆல்கஹால் போன்ற பொருளில் அமிலத்தைக் கலந்து ஜெல்லி மாதிரி ஆக்குவார்கள். வெளி உறை, மின்சாரத்தை வெளியே எடுக்கும் இணைப்பு, தடுப்புத் தாள் என எல்லாமே வளைய வேண்டும். இணைப்பு இடத்தில் விட்டுப்போனால் அவ்வளவு பாடும் வீண்.

480 ஃபாரட்: இந்த எண்ணை எப்படிப் படிப்பது?

இந்தத் தாளின் மின் கொள்ளளவு கிராமுக்கு 480 ஃபாரட் என்று கட்டுரை சொல்கிறது. மின்விசிறியில் இருக்கும் கண்டென்சர் சில மைக்ரோ ஃபாரட்தான், அதாவது ஒரு ஃபாரட்டில் பத்து லட்சத்தில் சில பங்கு. அதோடு ஒப்பிட்டால் 480 மலைக்க வைக்கும். ஆனால் இப்படிப்பட்ட செய்திகளில் வாசகர்கள் ஏமாறும் இடமும் இதுதான். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முதல் விஷயம், 480 என்பது ஒரு மின்முனைக்கான எண். சாதனத்தில் இரண்டு மின்முனை வேண்டும். இரண்டையும் தொடராக இணைக்கும்போது கொள்ளளவு பாதியாகும், எடையோ இரட்டிப்பாகும். ஆக மொத்தத்தில் கிராமுக்கு 120 ஃபாரட், கால் பங்கு.

அடுத்தது, தண்ணீர் கலந்த அமிலத்தில் சுமார் ஒரு வோல்ட்டுக்கு மேல் போக முடியாது. போனால் தண்ணீரே பிரிந்து வாயுவாகும். கொள்ளளவை வோல்ட்டின் வர்க்கத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் ஆற்றல் கிடைக்கும். ஒரு வோல்ட் என்று வைத்துக்கொண்டால் கிலோவுக்கு சுமார் 17 வாட் மணி. உறை, திரவம், இணைப்பு எடையை எல்லாம் சேர்க்காமல் வரும் எண் இது. 5,000 எம்ஏஎச் போன் பேட்டரியில் இருப்பது சுமார் 19 வாட் மணி. அந்த அளவு மின்சாரத்துக்கு மின்முனைப் பொருள் மட்டுமே ஒரு கிலோவுக்கு மேல் வேண்டும். ஒரு கிலோ போனை யார் பாக்கெட்டில் வைப்பது?

மூன்றாவது, 480 கிடைத்தது நொடிக்கு ஒரு மில்லிவோல்ட் என்ற ஆமை வேகத்தில். ஒரு வோல்ட்டைக் கடக்க 1,000 நொடி, கிட்டத்தட்ட 17 நிமிஷம். வேகமாக ஏற்றி இறக்கினால் இந்த எண் குறையும். சூப்பர் கெபாசிட்டர் துறையில் பொதுவான நடைமுறைதான் இது, இந்தக் குழு எதையும் மறைக்கவில்லை. வேகத்தையும் சேர்த்தேதான் எழுதியிருக்கிறார்கள். அதை விட்டுவிடுவது பெரும்பாலும் செய்தித் தலைப்புகள்தான்.

அதனால் டயர் தாள் உங்கள் போன் பேட்டரிக்கு மாற்று இல்லை. சிறிய சென்சார், உடம்பில் அணியும் கருவி, பேட்டரியோடு கூடவே இருந்து திடீர் சுமையைத் தாங்கும் துணைச் சாதனம் இவையே அதற்குப் பொருத்தமான வேலைகள்.

டி-ஷர்ட்டை அவனில் வைத்த பேராசிரியர்

டயருக்கு முன்னாடியே 2012-ல் தென் கரோலினா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷியாவோடாங் லீ ஒரு வேலை செய்தார். தள்ளுபடிக் கடையில் ஒரு பருத்தி டி-ஷர்ட் வாங்கி, ஃப்ளோரைடு கரைசலில் ஊறவைத்து, காயவைத்து, ஆக்சிஜன் இல்லாத உலையில் அதிக வெப்பத்தில் சுட்டார். பருத்தி என்பது செல்லுலோஸ். அது ஆக்டிவேட்டட் கார்பனாக மாறியது. ஆச்சரியம் என்னவென்றால், துணி துணியாகவே இருந்தது! நெசவு கலையவில்லை, மடித்தால் உடையவில்லை. அந்த இழைகள் மீது மிக மெல்லிய மாங்கனீஸ் ஆக்சைடு பூச்சைக் கொடுத்ததும் கொள்ளளவு ஏறியது. ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றி இறக்கியும் 5 சதவீதத்துக்கு மேல் குறையவில்லை.

டயரில் தூளைத் தாளாக்கத் தனி வேலை தேவைப்பட்டது. துணியிலோ வளையும் தன்மை முதலில் இருந்தே இருக்கிறது. வளையும் மின்முனைக்கு இதைவிடப் பொருத்தமான குப்பை வேறு இல்லை என்றே சொல்லலாம். மலை மலையாக பனியன் வேஸ்ட் விழும் திருப்பூருக்கு இது காதில் விழ வேண்டிய செய்தி. என்ன, அந்த வேஸ்ட்டில் பாலியஸ்டர் கலப்பும் சாயமும் இருக்கும். சுத்தமான பருத்தியைப் பிரித்தெடுப்பதே தனிச் செலவு.

பிளாஸ்டிக் பாட்டிலும் பட்டியலில் உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் மிஹ்ரி ஓஸ்கன், செங்கிஸ் ஓஸ்கன் குழுவினர் 2020-ல், தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கைக் கரைப்பானில் கரைத்து, மின்புலத்தின் உதவியால் மிக மெல்லிய இழைகளாக நூற்று, உலையில் கார்பனாக்கி சூப்பர் கெபாசிட்டர் செய்தார்கள். லித்தியம் பேட்டரி அளவுக்கு இதில் மின்சாரம் நிற்காது, ஆனால் அதைவிட வேகமாக சார்ஜ் ஏறும் என்பதை அவர்களே தெளிவாகச் சொன்னார்கள்.

கொரோனா காலத்து மாஸ்க்கையும் விட்டுவைக்கவில்லை. ரஷ்யாவின் மிசிஸ் பல்கலைக்கழகம், அமெரிக்க, மெக்சிகோ விஞ்ஞானிகளுடன் சேர்ந்து 2022-ல் வெளியிட்ட ஆய்வில், கிருமிநீக்கம் செய்த மாஸ்க்கை கிராஃபீன் மையில் தோய்த்து, அழுத்தி, 140 டிகிரியில் சூடாக்கினார்கள். மாத்திரை அட்டையை வெளி உறையாக வைத்தார்கள். 1,000 டிகிரி உலை தேவையில்லை என்பது இதில் கவனிக்க வேண்டிய அம்சம். ஆனால் மின்சாரத்தைச் சேமிக்கும் வேலையில் பெரும்பங்கு அந்த கிராஃபீனுடையது, அது குப்பையில் இருந்து வந்தது இல்லை.

கடைக்கு வந்த குப்பை எது?

இத்தனை ஆய்வுகளுக்கு நடுவில், உண்மையிலேயே ஆலைக்குப் போய், சாதனமாகி, விற்பனையில் இருக்கும் ஒரு கழிவுப் பொருள் உண்டு. அது கொட்டாங்குச்சி. சில ஊர்களில் சிரட்டை, கொங்குப் பக்கம் தொட்டி.

இன்று உலகச் சந்தையில் இருக்கும் சூப்பர் கெபாசிட்டர்கள் பலவற்றில் மின்முனைத் தூள் தேங்காய் தொட்டிக் கரியில் இருந்துதான் வருகிறது. தொட்டி இயற்கையிலேயே அடர்த்தியானது, சுட்டால் மிக நுண்ணிய துளைகள் வரும், சாம்பல் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தொட்டிக்கும் அடுத்த தொட்டிக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. தொழிற்சாலைக்கு முதலில் வேண்டியது இந்த ஒரே சீரான தன்மைதான். காங்கேயம், பொள்ளாச்சி வட்டாரத்தில் தொட்டிக் கரியும் ஆக்டிவேட்டட் கார்பனும் செய்யும் ஆலைகள் நிறைய உண்டு. இலங்கையின் ஹேகார்ப் நிறுவனம் இதே தொழிலில் உலக அளவில் பெயர் பெற்றது.

இதற்கும் ஒரு மறுபக்கம் இருக்கிறது. குழியில் தொட்டியைச் சுட்டு, தண்ணீர் ஊற்றி அணைக்கும் பழைய முறையால் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறுகிறது, புகையில் மூச்சு முட்டுகிறது என்று திருப்பூர், கோவை மாவட்ட கிராம மக்கள் பல வருஷமாகப் புகார் சொல்கிறார்கள். குப்பையில் இருந்து வந்தது என்பதாலேயே ஒரு பொருள் சுத்தமானதாகிவிடாது. டயர் செய்முறையில் வந்த கந்தக அமிலத்துக்கும் காரத்துக்கும், கழுவிய தண்ணீருக்கும் இதே கேள்வி பொருந்தும்.

டயர் கார்பன் எங்கே நிற்கிறது?

டயரில் ரப்பர் மட்டும் இல்லை. எஃகுக் கம்பி, நைலான் நூல், துத்தநாக ஆக்சைடு, கந்தகம், தயாரிக்கும்போதே சேர்த்த கார்பன் பிளாக் எல்லாம் உண்டு. லாரி டயர் வேறு, பைக் டயர் வேறு, கம்பெனிக்குக் கம்பெனி கலவையும் வேறு. இவற்றில் இருந்து எப்போதும் ஒரே தரத்தில் தூள் எடுப்பது பெரிய சவால். மின்முனையில் துளி இரும்புத்தூள் கலந்தாலும் சேமித்த மின்சாரம் தானாகக் கசிந்து போகும்.

டயர் ரப்பரை மின் சேமிப்புக்கான கார்பனாக மாற்றும் தொழில்நுட்பத்துக்கு, ஓக் ரிட்ஜ் ஆய்வகத்திடம் இருந்து பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஆர்ஜே லீ குரூப் என்ற நிறுவனம் 2016-ல் உரிமம் பெற்றது. அந்த உரிமம் கார்பன் தூள் சம்பந்தப்பட்டது. வளையும் தாள் இன்னும் ஆய்வகக் கட்டுரை என்ற நிலையில்தான் பேசப்படுகிறது.

இந்தியாவில் தேய்ந்த டயர்களில் ஒரு பகுதி பைராலிசிஸ் ஆலைகளுக்குப் போகிறது. காற்றில்லாமல் சூடாக்கி எண்ணெய் எடுப்பார்கள், அது எரிபொருளாக விற்கும். கூடவே மிஞ்சும் கரிக்கு மதிப்பு குறைவு. 2022 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, டயர் தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும்தான் கழிவு டயர் மறுசுழற்சிக்குப் பொறுப்பு. எண்ணெயும் கரியும் எடுப்பதற்காக வெளிநாட்டுக் கழிவு டயரை இறக்குமதி செய்யவும் அதில் தடை போட்டார்கள். மறுசுழற்சிக் கணக்கில் சேரும் பொருட்களின் பட்டியலில் ரப்பர் தூள், மீட்டெடுத்த ரப்பர், ரோடு போடும் தாரில் கலக்கும் ரப்பர், பைராலிசிஸ் எண்ணெய், கரி ஆகியவற்றோடு மீட்டெடுத்த கார்பன் பிளாக்கும் இருக்கிறது. மின்முனைக் கார்பனுக்கு ஓரளவு பக்கத்தில் வருவது இந்தக் கடைசிப் பொருள்தான். இப்போதைக்கு அது பெரும்பாலும் மறுபடியும் ரப்பர் பொருட்களுக்குள்ளேயே போய்ச் சேருகிறது.